மிச்ச மருந்து

முத்தனேரியில் மரம் குறைவு. வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டுகிற பெண்களுக்கு நாடக மேடைதான் மரம். காலையில் அதன் நிழல் மேற்கே விழும், மதியத்துக்கு மேல் கிழக்கே சாயும். நிழல் நகர நகரப் பெண்களும் பசைச் சட்டியையும் காகிதக் கட்டையும் இழுத்துக்கொண்டு நகர்வார்கள். அன்றைக்கு மேற்குப் பக்கம் ஏழெட்டுப் பேர் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். கம்பியில் காகிதத்தைச் சுற்றி, ஓரத்தில் பசை தடவி, பலகையில் வைத்து ஒரு உருட்டு. கம்பியை உருவினால் குழாய். பேச்சு நிற்கும், கை நிற்காது.

மேடைக்கு மேலே சம்சு கிழிந்த படுதாவை மடியில் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தார். அறுபத்தைந்து வயசு. மேல்வரிசை முன்பற்கள் போய்விட்டன. கண்ணும் மங்கல். ஊசியில் நூல் கோர்ப்பதற்குக் கீழே இருந்த வெள்ளைத்தாயிடம்தான் நீட்ட வேண்டியிருந்தது.

"பல்லு இல்லாத எமனப் பாத்து எவன் பயப்படப் போறான் பாய்?" என்றாள் அவள், நூல் நுனியை நாக்கில் நனைத்தபடி.

"பல்லு எதுக்கு? எமன் என்ன, கடிச்சா உயிர எடுக்கான்?"

பெண்கள் சிரித்தார்கள். வெள்ளைத்தாய் நூலைக் கோர்த்து ஊசியை மேலே நீட்டிவிட்டு மறுபடி பலகையில் குனிந்தாள்.

சம்சு விருதுநகர்க்காரர். குடும்பத்துக்கு வத்தல் மண்டி இருந்தது. இளவட்டத்தில் நாடகப் பித்துப் பிடித்து, மண்டியை அண்ணன் கையில் விட்டுவிட்டு ஊர் ஊராகப் போனவர், முத்தனேரித் திருவிழாவுக்கு எமன் வேஷம் கட்ட வந்தார். மறு வருஷமும் அவரையே கூப்பிட்டார்கள். அதற்கடுத்த வருஷமும். கடைசியில் மேடைக்கு எதிர்ச் சந்தில் வீடு கட்டிக்கொள்ள இடம் கொடுத்து, மேடையையும் அதன் கிழக்கே ஒட்டிய ஒப்பனை அறையையும் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். நாடகம் இல்லாத நாட்களில் வெடிக் கம்பெனியில் மருந்து கலக்கிற வேலை. உடம்பு தளர்ந்த பிறகு அதையும் விட்டுவிட்டார். மனைவி நசிமா வீட்டிலிருந்தே கம்பெனிக்குப் பெட்டி ஒட்டினாள். வெம்பக்கோட்டை வரைக்கும் அவருக்கு எமன் பாய் என்றுதான் பேர். ரேஷன் கார்டில் மட்டும் சம்சுதீன்.

எமன் பெயர் வாங்கியதற்கு மருந்தும் ஒரு காரணம். எமன் வருகிற கட்டத்தில் மேடையின் இரண்டு ஓரத்திலும் தகரத் தட்டில் ஒரு சிட்டிகை மருந்து வைத்துத் திரியில் தீ வைக்கச் சொல்வார். பளீரென்று ஒரு வெளிச்சம், குப்பென்று வெள்ளைப் புகை, புகைக்குள்ளிருந்து கொம்புக் கிரீடத்தோடு அவர். முன்வரிசைப் பிள்ளைகள் அம்மா மடியில் போய் விழும். அந்த மருந்தை நாடகத்தன்று சாயங்காலம்தான் கலப்பார். மிஞ்சியதை ஆட்டம் முடிந்த கையோடு தண்ணீர் ஊற்றிக் கரைத்துவிடுவார். கலந்த மருந்தை மறுநாளைக்கு வைக்கக் கூடாது என்பது அந்தப் பக்கத்தில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். மிச்ச மருந்து வைக்கிறவன் என்று ஒருவனைச் சொல்லிவிட்டால் அதைவிடக் கேவலமான வசவு மருந்து ரூமில் கிடையாது.

இரண்டு வருஷமாகத் திருவிழாவில் நாடகம் இல்லை. இளவட்டங்கள் ரெக்கார்டு டான்ஸ் வைத்துவிட்டார்கள். இந்தப் பங்குனிப் பொங்கலுக்கு நாடகம்தான் என்று ஊர்க்கூட்டத்தில் முடிவாகியிருந்தது. செலவு கம்பெனியுடையது. அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து சம்சுவுக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. சந்தோஷம்தான். வீட்டுக்குள் நடக்கும்போதே எமன் நடை வந்துவிடுகிறது என்று நசிமா கேலி செய்தாள்.

படுதாவில் கடைசித் தையல் போட்டுக்கொண்டிருந்தபோது லோடு ஆட்டோ வந்து ஒப்பனை அறைப் பக்கம் நின்றது. பின்னாலேயே டி.வி.எஸ். வண்டியில் போர்மேன் அய்யாதுரை. கம்பெனியில் முதலாளிக்கு அடுத்த ஆள். முதலாளியை ஊர் பார்ப்பது திருவிழாவில் மாலை போடும்போது மட்டும். மற்றபடி எல்லாம் அய்யாதுரைதான்.

"பாய், ரூமைக் கொஞ்சம் தெறந்து விடுங்க. மத்தியானம் செக்கிங் வாராகளாம். சாயங்காலம் எடுத்துருவோம்."

செக்கிங் என்றால் இது வழக்கம். ஒரு ரூமில் இருக்க வேண்டிய அளவுக்கு மேல் சரக்கு இருக்கும். ஆபீசர் வருகிறார் என்று சேதி வந்தால் மிஞ்சியதெல்லாம் ஊருக்குள் வந்துவிடும். வீட்டுப் பரண், மாட்டுத் தொழுவம், வைக்கோல் படப்புக்குப் பின்னால், எங்கே இடம் இருக்கிறதோ அங்கே. ஒப்பனை அறையிலும் எத்தனையோ தடவை வைத்திருக்கிறார்கள். இதுவரை வந்தது காலிப் பெட்டியும் குழாய்க் கட்டும்தான்.

சம்சு இறங்கிப் போய்ப் பூட்டைத் திறந்தார். ஆட்டோவிலிருந்து காளீஸ்வரன் சரக்கை இறக்கினான். வெள்ளைத்தாயின் மகன், லோடு ஏற்றி இறக்குகிறவன். பெட்டிகள் இல்லை. ஈரச் சாக்கால் மூடிய மூட்டைகள். இரண்டாவது மூட்டை தன்னைக் கடந்து போனபோது சம்சு அதில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். வெதுவெதுப்பாக இருந்தது.

"மணி மருந்தா?" என்றார். மேலே போய் நிறம் நிறமாக எரிகிற வாணங்களுக்குள் வைக்கிற உருண்டை அது. ஈரத்தில் உருட்டி வெயிலில் காயவைக்க வேண்டும்.

"காஞ்சதுதான்," என்றான் அய்யாதுரை.

"காஞ்சா சாக்கு எதுக்கு நனைஞ்சிருக்கு? சூடு தெரியுது தம்பி. அரைகொறையாக் காஞ்சத அடச்சு வச்சா உள்ளயே வெந்துக்கிட்டு இருக்கும். மேல தகரம். சன்னலும் கெடையாது. எடுத்துட்டுப் போங்க."

"எங்கன எடுத்துட்டுப் போக? நடு ரோட்டுல போட்டு வச்சு ஆபீசருக்குக் காட்டவா?"

"கம்மாய்க்குள்ள விரிச்சுப் போடுங்க."

"வெயில்ல விரிச்சுப் போட்டா வெம்பக்கோட்டை ரோட்டுல போற பஸ்ஸுல இருந்தே தெரியும் பாய்." அய்யாதுரை குரலைத் தணித்தான். "ஒரு பொழுதுக்குத்தான கேக்கேன். திருவிழாவுக்குப் பந்தல், மைக்செட்டு, ஆர்மோனியக்காரன் வரைக்கும் முதலாளிகிட்ட நாந்தான் பேசி வச்சிருக்கேன். இந்தச் செக்கிங்ல ஏதும் ஆயிப் போச்சுன்னா அவரு மொதல்ல வெட்டுறது நாடகத்தத்தான்."

சம்சு வாசலை விட்டு ஒதுங்கி நின்றார். காளீஸ்வரன் அடுத்த மூட்டையோடு வாசலில் நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். அப்புறம் தலையைக் குனிந்து உள்ளே போனான். மூட்டையெல்லாம் உள்ளே போனதும் கதவைத் திறந்தே வைக்கச் சொன்னார் சம்சு. திறந்து கிடந்தால் நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள் என்று அய்யாதுரை தானே பூட்டிச் சாவியை அவர் கையில் கொடுத்தான். பெண்கள் மேற்குப் பக்கம்தானே இருக்கிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மதியம் வீட்டில் சோற்றில் கை வைத்தபோதுதான் அது நடந்தது. வெடிச் சத்தம் கேட்டால் அந்தப் பக்கத்தில் யாரும் எடுத்த எடுப்பில் ஓடுவதில்லை. எந்தத் திசையில் புகை என்று பார்ப்பார்கள். அந்தத் திசையில் யார் வீட்டு ஆள் வேலைக்குப் போயிருக்கிறது என்று மனசு தேடும். அப்புறம்தான் கால் நகரும். அன்றைக்கு அதற்கெல்லாம் நேரம் இருக்கவில்லை. சத்தம் சந்து முனையிலிருந்தே வந்தது. கூரை ஓடு இரண்டு சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் விழுந்து உடைந்தது.

ஒப்பனை அறை இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. தகரம் தூரத்தில் வேலிக்கருவேலின் மேல் கிடந்தது. கிழக்குச் சுவர் முழுசாக வெளிப்பக்கம் சரிந்திருந்தது. மற்றப் பெண்கள் கஞ்சி குடிக்க வீட்டுக்குப் போயிருந்தார்கள். வெள்ளைத்தாய் தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டுவந்திருந்தாள். உருட்ட வேண்டியது ஒரு கட்டு பாக்கி. நிழலோடு கிழக்கே நகர்ந்து, அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருக்கிறாள்.

சம்சு கையாலேயே செங்கலை அள்ளி எறிந்தார். சுட்டது. விரல் நுனியெல்லாம் பொத்துப் போனது. யாரோ இழுத்தார்கள், உதறிவிட்டுத் திரும்பவும் தோண்டினார். முகம் வெளியே தெரிந்ததும் அவர் கை நின்றுவிட்டது. "யா அல்லா" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். காளீஸ்வரன் ஓடி வந்தபோது தாயின் காலிலிருந்த மெட்டி மட்டும் அப்படியே இருந்தது. அவன் அழவில்லை. மேடையின் நிழலையும் சுவர் கிடந்த இடத்தையும் பார்த்துக்கொண்டே நின்றான்.

மறுநாள், வெள்ளைத்தாயை எரித்துவிட்டு ஊர் திரும்பிய பிறகு, அய்யாதுரை சம்சு வீட்டுக்கு வந்தான். நசிமா கொடுத்த ஸ்டூலில் உட்காராமல் நின்றபடியே பேசினான். செல்போனைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தான்.

"கம்பெனி பேரு இதுல வரக் கூடாது பாய். வந்தா லைசென்ஸ் போயிரும். சீசன் ஆரம்பிக்கிற நேரம், ஆர்டர் எடுத்தாச்சு. பூட்டிட்டுப் போனா இந்த ஊரு எதக் குடிக்கும்?"

"அதுக்கு?"

"ரூமு உங்க பொறுப்புல இருந்துச்சு. நாடகத்துக்கு நீங்க மருந்து வைக்கிறது சுத்துப்பட்டி அம்புட்டுப் பேருக்கும் தெரியும். திருவிழாவுக்காக வச்சிருந்தேன், வெடிச்சுப் போச்சுன்னு சொல்லிட்டீகன்னா கவனக்குறைவுன்னு ஒரு கேசு. வக்கீல கம்பெனி பாத்துக்கும். கொஞ்ச நாள்ல வெளிய வந்துருவீக."

நசிமா முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு குறுக்கே வந்தாள். "ஏன் தம்பி, சம்சுதீன் வீட்டுல வெடிமருந்துன்னு எழுதுனா அது எங்கன போயி நிக்கும்னு ஒங்களுக்குத் தெரியாதா? பேப்பர் படிக்கிறதில்லையா நீங்க?"

"அதெல்லாம் பேசியாச்சுக்கா. நாடக மருந்துன்னுதான் எழுதுவாக."

"முடியாதுன்னா?"

அய்யாதுரை வாசலைப் பார்த்தான். "முடியாதுன்னா மூட்டைய யாரு எறக்குனதுன்னு கேள்வி வரும். எறக்குனது காளீஸ்வரன். அவனே திருடிட்டு வந்து வச்சதா கேசு எழுதுவாக."

"ஏத்தி அனுப்புனது யாருன்னு கேள்வி வராதா?" என்றாள் நசிமா.

அவன் செல்போன் அடித்தது. காதில் வைத்துக்கொண்டே இறங்கிப் போய்விட்டான்.

"என்னங்க, நீங்க சரின்னு சொல்லக் கூடாது," என்றாள் நசிமா. "நீங்க என்ன தப்பு செஞ்சீக?"

"தெறந்து விட்டது நாந்தான நசிமா."

"அவன் கேட்டான், தெறந்தீக."

"சூடு தெரிஞ்ச பெறகும் தெறந்து விட்டேன். நாடகம் நின்னு போயிருமேன்னு பயம்." பொத்துப்போன விரல்களை மடக்கி விரித்துப் பார்த்தார். "எனக்கு அந்த வேசம் வேணும்னு இருந்துச்சு. அம்புட்டுத்தான்."

அன்றைக்கு வெயில் தாழ்ந்த பிறகு காளீஸ்வரன் வந்தான். தலையும் மீசையும் மழித்திருந்தது. தீட்டு என்பதால் படி ஏறாமல் சந்திலேயே நின்றான். சம்சு வெளியே போனார். இரண்டு பேரும் சுவரோரமாகக் குத்தவைத்து உட்கார்ந்தார்கள்.

"நான் ஒன்னும் கேட்டு வரல மாமா," என்றான் அவன்.

"தெரியும்."

"போர்மேன் என்கிட்டயும் வந்தாரு."

"ம்."

"வீட்டுல ரெண்டும் பொட்டப் புள்ள. இப்ப அம்மாவும் இல்ல."

சம்சு அவன் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். "நீ எறக்கும்போதே சூடு தெரிஞ்சுச்சாலே?"

"தெரிஞ்சுச்சு மாமா."

"ஏன் சொல்லல?"

"சொன்னா வேற ஆள வச்சு எறக்குவாக. நாளைக்கு என்னையக் கூப்பிட மாட்டாக." அவன் மேடைப் பக்கம் கையைக் காட்டினான். "அம்மா மேற்காமதான உக்காந்திருந்தா. பாத்துட்டுத்தான் எறக்குனேன். நெழலு இந்தப் பக்கம் வரும்னு எனக்குத் தோணவே இல்ல மாமா."

அப்போதுதான் அவன் அழுதான். மண்ணில் நெற்றி படக் குனிந்து, சத்தம் வராமல் அழுதான். சம்சு அவன் மொட்டைத் தலையில் கையை வைத்தார். தனக்கும் தோணவில்லை என்று சொல்ல வாயெடுத்தார், வரவில்லை.

"போலே," என்றார். "போயிப் புள்ளைகளப் பாரு. நான் சொல்லிக்கிடுதேன்."

உள்ளே வந்ததும் நசிமா அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். பெட்டி ஒட்டுகிற பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பசை காய்ந்திருந்தது. அதையே கிளறிக்கொண்டிருந்தாள்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் பேசினார். டீ வாங்கிக் கொடுத்தார். தன் ஊர்த் திருவிழாவில் அவருடைய எமனைச் சின்ன வயசில் பார்த்ததாகவும் சொன்னார். எழுதுகிற ஏட்டு பெயர் கேட்டார். சம்சுதீன் என்றதும் பேனாவை நிறுத்தி இன்ஸ்பெக்டரைப் பார்த்தார்.

"நாடகக் கேசுதான்யா, எழுதும்," என்றார் இன்ஸ்பெக்டர். பிறகு சம்சு பக்கம் திரும்பினார். "மருந்து எப்பக் கலந்தது?"

"அன்னைக்குக் காலையில."

"திருவிழாவுக்கு இன்னும் நாள் கெடக்கே. எதுக்கு அன்னைக்குக் கலந்தீரு?"

"சும்மா, சோதிச்சுப் பாக்க."

"சோதிக்கிறதுக்கு ரூமே பேர்ந்து போற அளவுக்கா? யாரும் நம்ப மாட்டான். போன நாடகத்துக்கு நெறையக் கலந்தேன், மிஞ்சுனத டப்பாவுல போட்டு வச்சிருந்தேன்னு சொல்லும். அதுதான் பொருந்தும்."

சம்சு டீக் கிளாசைக் கீழே வைத்தார். "அப்படி வைக்க மாட்டாகய்யா."

"யாரு?"

"மருந்துல வேல பாத்த எவனும். மிச்ச மருந்த ஒரு ராத்திரிகூட வைக்க மாட்டான். நான் இருவது வருசம் கலந்திருக்கேன். என் ரூமுல ஒருத்தனுக்குத் தீக்காயம் கெடையாது."

"இப்ப ஒரு பொம்பள செத்திருக்காளே."

"அய்யா, நான் வச்சதா எழுதிக்கிடுங்க. அஜாக்கிரதன்னு எழுதுங்க. மிச்சம் வச்சேன்னு மட்டும் வேண்டாம்."

ஏட்டு சிரித்துவிட்டார். ஜெயிலுக்குப் போகிறவன் கேட்கிற சலுகையா இது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பாய், நான் சொல்ற மாதிரி சொன்னீருன்னா இது நாடகக் கேசு. மாத்திச் சொன்னா, இம்புட்டு மருந்து உமக்கு எதுக்கு, எங்கேருந்து வந்துச்சு, யாருக்குச் சேத்து வச்சீருன்னு மெட்ராஸ்லேருந்து வந்து கேப்பான். அதுக்கு வேற சட்டம் இருக்கு. அப்புறம் நானும் ஒன்னும் செய்ய முடியாது. வீட்டுல அம்மா தனியாத்தான இருக்காக?"

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. சம்சு அவர் சொன்ன மாதிரியே சொன்னார். ஏட்டுக்குக் காதில் விழாததால் இரண்டாம் தடவையும் சொன்னார்.

சில நாள் கழித்து ஒரு காலையில் அவரை ஜீப்பில் ஊருக்குக் கொண்டுவந்தார்கள். நடந்ததை நடந்த இடத்திலேயே செய்து காட்ட வேண்டுமாம். போட்டோ எடுக்க சிவகாசியிலிருந்து ஒரு ஸ்டூடியோக்காரர் வந்திருந்தார். அந்தப் படமே பேப்பருக்கும் போகும் என்று பேசிக்கொண்டார்கள்.

மேடையின் கிழக்குப் பாதி போயிருந்தது. மேற்குப் பாதியும் முன்தளமும் நின்றன. கம்பெனிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஊர்ச் சனமெல்லாம் தூக்குச்சட்டியோடு மேடைக்கு முன்னால் கூடிவிட்டது. ஆம்பளைகள் நின்றார்கள். பெண்களில் சிலர் நாடகத்துக்கு உட்காருகிற பழக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். நசிமா வரவில்லை. சம்சு படியேறும் முன் செருப்பைக் கழற்றினார். குனிந்து மேடையைத் தொட்டு நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"அதெல்லாம் வேண்டாம், நேரமாகுது," என்றார் இன்ஸ்பெக்டர்.

ஒரு தகரத் தட்டும் ஒரு டப்பாவும் கொடுத்தார்கள். மருந்துக்குப் பதிலாக மணல். டப்பாவைத் திறந்து, மணலை எடுத்துத் தட்டில் போட்டு, மீதியைத் திரும்ப டப்பாவில் போட்டு மூடி, சுவர் இருந்த பக்கம் கொண்டுபோய் வைக்க வேண்டும். வைக்கும்போது வாயாலும் சொல்ல வேண்டும்.

சம்சு செய்தார். மணலை அவர் எடுத்த விதத்தைப் பார்த்து மருந்து ரூமில் வேலை பார்க்கிறவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டார்கள். நகம் படாமல், விரல் நுனியால், தூசி எழும்பாமல் எடுத்தார்.

"வாயால சொல்லும்."

"போன நாடகத்துல மிஞ்சுன மருந்த," என்று ஆரம்பித்தார். செருமினார். பிறகு குரல் தானாகவே எழுந்தது. "மிஞ்சுன மருந்த இந்த டப்பாவுல போட்டு வச்சது நாந்தான்."

மைக் இல்லாமலே கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. அது பொய் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். ஒரு கிழவர் மட்டும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்து போனார்.

ரோட்டில் கம்பெனி வேன் வந்து நின்று ஹாரன் அடித்தது. ஏறிக்கொள்ளச் சொல்லி டிரைவர் கையைக் காட்டினார். மெட்ராசிலிருந்து பெரிய ஆபீசர் வருகிறாராம். முத்தனேரி விபத்தை ஒட்டி எல்லாக் கம்பெனியிலும் செக்கிங்காம். மத்தியானத்துக்குள் ரூமையெல்லாம் காலி பண்ண வேண்டும். பெண்கள் பின்பக்கத்து மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள். திரும்பிப் பார்க்காமல் ஒருவர் பின் ஒருவராக வேனில் ஏறினார்கள். கொஞ்ச நேரத்தில் மேடைக்கு முன்னால் போலீஸ்காரர்களும் ஸ்டூடியோக்காரரும் நாலைந்து சின்னப் பிள்ளைகளும்தான் மிச்சம்.

"சார், ஒன்னும் சரியா வரல," என்றார் ஸ்டூடியோக்காரர். "குனிஞ்சே நிக்காரு. மூஞ்சி விழல. இன்னொரு தடவ செய்யச் சொல்லுங்க."

சம்சு மறுபடியும் தட்டை எடுத்தார். நிமிர்ந்தபோது, மேடை உயரத்திலிருந்து பால்வாடிக் கட்டடம் தெரிந்தது. அதன் முன்னால் லோடு ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் டி.வி.எஸ். வண்டியில் அய்யாதுரை. காளீஸ்வரன் ஆட்டோவிலிருந்து ஒரு மூட்டையை இழுத்து மொட்டைத் தலையில் ஏற்றினான். சாக்கிலிருந்து தண்ணீர் அவன் முதுகில் வடிந்தது. வாசலில் பிள்ளைகள் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைத் தாண்டித்தான் பின்னறைக்குப் போக வேண்டும்.

"அங்கன என்ன பாக்கீரு? கேமராவப் பாரும்," என்றார் இன்ஸ்பெக்டர்.

சம்சு தட்டைக் கீழே போட்டார். வலது கையைத் தலைக்கு மேல் தூக்கினார்.

"ஏலே காளீசு. உள்ள வைக்காதலே. காயல அது, காயல."

ஊரின் கடைசி வீடு வரைக்கும் கேட்கிற குரல் அது. காளீஸ்வரன் நின்றான். மூட்டையோடு மெல்ல மேடைப் பக்கம் திரும்பினான். அய்யாதுரை அவனிடம் ஏதோ சொன்னான். பிள்ளைகள் காலை மடக்கி வழிவிட்டார்கள். அவன் நிலைப்படி இடிக்காமல் குனிந்து உள்ளே போனான்.

கையைத் தூக்கியபடி, வாய் திறந்தபடி சம்சு நின்றார். கேமரா இரண்டு தடவை சத்தம் போட்டது.

"இதுதான் சார் வேணும்," என்றார் ஸ்டூடியோக்காரர். "இப்ப நல்லா விழுந்துருக்கு."